வீட்டிலேயே போட்டோ பிரிண்ட்: பிரிண்டர் வாங்குவதிலிருந்து சுவரில் மாட்டுவது வரை

காசு மிச்சமாகும் என்று நினைத்து இந்த வேலையில் இறங்க வேண்டாம். மிச்சமாகாது. நான்குக்கு ஆறு சைஸில் நூறு படம் வேண்டுமென்றால் பக்கத்துத் தெரு கலர் லேபில் கொடுப்பதுதான் மலிவு, வேகமும் அதுதான். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து ஆல்பம், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய குரூப் போட்டோ எல்லாம் அங்கேயே போகட்டும்.

வீட்டில் பிரிண்ட் போடுவதன் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. லேபில் ஒரு படத்துக்கு ஒரு பிரிண்ட்தான். முகம் வெளிறிவிட்டதே, வானம் பச்சையடிக்கிறதே என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே கவரை வாங்கி வந்துவிடுவோம். வீட்டில் அதே படத்தை இன்னொரு முறை போடலாம். முதல் பிரிண்டைக் கையில் வைத்துப் பார்த்து, எது உறுத்துகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் திருத்தி மறுபடி போடலாம். அந்த இரண்டாவது பிரிண்டுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். கீழே சொல்லப்போகும் பிரிண்டர், பேப்பர், செட்டிங் எல்லாமே அதற்குத் துணை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தோல் நிறம். ஆட்டோ கரெக்‌ஷன் என்ற பெயரில் கருத்த முகத்தை வெளுக்க வைக்கும் பழக்கம் இன்னும் பல லேப்களை விட்டுப் போகவில்லை. இது நேற்று வந்த வியாதியும் இல்லை. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் மெஷின்களின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’ மாதிரிப் படங்களில் பல பத்தாண்டுகளாக வெள்ளைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி என்பது கணக்கு. வெவ்வேறு நிறத்தவர் சேர்ந்திருக்கும் கார்டை கோடாக் கொண்டுவந்தது 1990களில்தான். வீட்டில் பிரிண்ட் போடும்போது அப்பாவின் முகம் எவ்வளவு கருப்பாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

1. பிரிண்டர்

வீட்டுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, சின்ன டை-சப்ளிமேஷன் பிரிண்டர். கேனான் செல்ஃபி சிபி1500 இந்த வகை. தபால் அட்டை அளவுக்கு மேல் போடாது. திரவ இங்க் கிடையாது. சாய ரிப்பனைச் சூடாக்கி நிறத்தைப் பேப்பருக்கு ஏற்றுகிறது. பேப்பர் நான்கு தடவை உள்ளே போய் வெளியே வரும்: மஞ்சள், மெஜன்டா (கருஞ்சிவப்பு), சயான் (இளநீலம்), கடைசியாக ஒரு பாதுகாப்புப் பூச்சு. பார்க்க வேடிக்கையாக இருக்கும். குழந்தைகள் அதைச் சுற்றியே நிற்பார்கள். மாதக்கணக்கில் தொடாமல் வைத்தாலும் அடைத்துக்கொள்ள எதுவும் இல்லை என்பது இதன் பெரிய பலம். ரிப்பனும் பேப்பரும் கணக்காகச் சேர்ந்தே வருவதால் ஒரு பிரிண்டுக்கு என்ன செலவு என்பதும் முன்கூட்டியே தெரியும். ஒரு எச்சரிக்கை: பயன்படுத்தி முடித்த ரிப்பனை விரித்துப் பார்த்தால் நீங்கள் போட்ட படங்கள் அதில் நெகட்டிவ் மாதிரி தெரியும். கிழித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

இரண்டாவது வழி, ஆறு நிற இங்க் டேங்க் பிரிண்டர். எப்சன் எல்8050, கேனான் ஜி570 இரண்டும் இந்த வகையில் ஏ4 வரை போடுபவை. பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான். வீட்டில் ஏற்கெனவே நான்கு நிற டேங்க் பிரிண்டர் இருந்தால் அதிலேயே ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கன்னம், வானம், வெள்ளைச் சுவர் மாதிரியான வெளிர் பகுதிகளை நான்கு நிற பிரிண்டர் தூரம் தூரமாகப் புள்ளி வைத்துத்தான் காட்டியாக வேண்டும்; கிட்டத்தில் பார்த்தால் மணல் தூவியது போல இருக்கும். எப்சனின் ஆறு நிற மாடலில் வெளிர் சயானும் வெளிர் மெஜன்டாவும் கூடுதலாக இருப்பதால் அந்த இடங்கள் நிரவி வரும். கேனான் ஜி570 வேறு வழியில் போகிறது: சாம்பலும் சிவப்பும் சேர்த்திருக்கிறது. கருப்பு வெள்ளைப் படங்களில் ஆசை உள்ளவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறம் உதவும்.

மூன்றாவது, பிக்மென்ட் இங்க் பிரிண்டர்கள். எப்சன் ஷ்யூர்கலர் பி700, கேனான் இமேஜ்புரோகிராஃப் புரோ-300 போன்றவை. இவை டேங்கில் ஊற்றும் வகை அல்ல, கார்ட்ரிட்ஜ் வகை. விலையும் இங்க் செலவும் அதிகம். எதற்காக இவ்வளவு என்றால், ஆயுளுக்காக. டேங்க் பிரிண்டர்களில் இருப்பது பெரும்பாலும் சாய இங்க். பேப்பரின் பூச்சுக்குள் ஊறிப் பளபளவென்று நிறம் காட்டும், ஆனால் வெயிலிலும் காற்றில் உள்ள ஓசோனிலும் சீக்கிரம் மங்கும். பிக்மென்ட் என்பது நுண்ணிய நிறத் துகள், எளிதில் அசையாது. பாடகர் கிரஹாம் நாஷ் 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஐரிஸ் என்ற மெஷினை வைத்து இங்க்ஜெட்டில் கலைத்தரமான போட்டோ பிரிண்ட் போடும் கூடத்தைத் தொடங்கினார். அச்சகங்களில் புரூஃப் பார்க்கச் செய்யப்பட்ட மெஷின் அது. அதன் ஆரம்பகாலச் சாயங்கள் மங்கியதுதான் பெரிய தலைவலியாக இருந்தது. அந்தத் தலைவலிக்குப் பின்னால் வந்த தீர்வுதான் பிக்மென்ட். விற்பனைக்கோ கண்காட்சிக்கோ பிரிண்ட் போடாதவரை உங்களுக்கு இது தேவையில்லை. சாய இங்க் பிரிண்ட் மங்கினால் ஃபைல் இருக்கிறது, இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

2. பேப்பர்

கடையில் ‘ஜிஎஸ்எம் எவ்வளவு?’ என்று கேட்பார்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. எடையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 180 ஜிஎஸ்எம் என்று மலிவாகக் கிடைக்கும் க்ளாஸி பேப்பர்கள் பல, ஒரு பக்கம் பூச்சு தடவிய கெட்டித்தாள் மட்டுமே. ஈரம் பட்டால் அலை அலையாக நெளியும். நல்ல போட்டோ பேப்பர் ரெசின் பூச்சு கொண்டது: நடுவில் காகிதம், இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன் மேல் இங்க் உறிஞ்சும் படலம். பின்பக்கத்தைத் தடவினால் லேப் பிரிண்டைத் தடவுவது போலவே இருக்கும். எப்சனின் பிரீமியம் க்ளாஸி, கேனானின் ஃபோட்டோ பேப்பர் பிளஸ் செமி-க்ளாஸ் இரண்டும் இப்படிப்பட்டவை. எடை 255, 260 ஜிஎஸ்எம்.

க்ளாஸியா, மேட்டா? நம் வீடுகளில் டியூப்லைட் உச்சியில் எரியும். க்ளாஸி பிரிண்டில் முகத்துக்கு மேல் அந்த டியூப்லைட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். விரல் ரேகையும் பதியும். மேட் பேப்பரில் பளபளப்புத் தொல்லை இல்லை, ஆனால் கருப்பு அவ்வளவு ஆழமாக வராது. கோயில் கல், பழைய சுவர், வயதானவர்களின் முகம் இவற்றுக்கு மேட் நன்றாகப் பொருந்தும். இரண்டுக்கும் நடுவில் லஸ்டர், செமி-க்ளாஸ் என்று சொல்லப்படும் சொரசொரப்பு உண்டே, அதில் தொடங்குங்கள்.

தொடங்கிய பிறகு மாற்றாதீர்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே பேப்பரில் நான்குக்கு ஆறு சைஸில் ஒரு பாக்கெட், ஏ4 சைஸில் ஒரு பாக்கெட் வாங்கி, அது தீரும்வரை வேறு பேப்பரைத் தொட வேண்டாம். பேப்பரும் மாறி, செட்டிங்கும் மாறினால் இரண்டாவது பிரிண்ட் எதனால் நன்றாக வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

எந்தப் பக்கம் பிரிண்ட் பக்கம் என்று மேட் பேப்பரில் குழப்பம் வரும். விரலை லேசாக ஈரமாக்கி ஓரத்து மூலையில் தொட்டுப் பாருங்கள். ஒட்டிப் பிடிக்கும் பக்கம்தான் பூச்சுப் பக்கம். பிரித்த பாக்கெட்டை ஜிப் கவரில் சிலிகா ஜெல்லோடு மூடி வையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் பேப்பரை ட்ரேயிலேயே விட்டு வைக்கவே கூடாது. ஈரக்காற்றில் ஓரம் சுருண்டால், இங்க் தெளிக்கும் பாகமான பிரிண்ட் ஹெட் அதில் உரசிக் கருப்புக் கோடு இழுத்துவிடும்.

3. திரையின் வெளிச்சம்

“திரையில் அவ்வளவு அழகாக இருந்தது, பிரிண்டில் இருண்டு போச்சு.” புதிதாகத் தொடங்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். பிரிண்டர் மேல் தப்பில்லை. திரை தன் வெளிச்சத்தில் தானே ஒளிர்கிறது. பேப்பர் அறையின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு படத்தைத் திருத்தினால், படம் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாக அது நம்மை ஏமாற்றிவிடும்.

பிரிண்டுக்காகத் திருத்தும்போது திரையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவில் இருக்க வேண்டும் என்பார்கள். அளக்கக் கருவி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். பக்கத்தில் உங்கள் போட்டோ பேப்பரில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். அறையின் வழக்கமான வெளிச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். லேப்டாப்பில் அநேகமாகப் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். முதலில் மங்கலாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். நைட் மோடு, கண்ணுக்கு இதமான மோடு போன்றவற்றை அணைத்துவிடுங்கள்.

ஸ்பைடர், கேலிப்ரைட் போன்ற அளவிடும் கருவிகள் நல்லவைதான். ஆனால் இந்த வெள்ளைத்தாள் வேலையைச் செய்து பார்க்காமலே கருவி வாங்கப் போக வேண்டாம்.

4. ஃபைலைத் தயார் செய்வது

அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பாதுகாப்பான கணக்கு. நான்குக்கு ஆறுக்கு 1200-க்கு 1800 பிக்சல் போதும். ஏ4-க்கு 2480-க்கு 3508. 12 மெகாபிக்சல் ஃபோன் படம் 4000-க்கு 3000 இருக்கும், எனவே ஏ4-க்குத் தாராளம். அங்குலத்துக்கு 200 வரை இறங்கினாலும் கையெட்டும் தூரத்தில் பெரிதாகக் குறை தெரியாது. வாட்ஸ்அப்பில் வழக்கமாக அனுப்பிய படம் மட்டும் வேண்டாம். அது சுருங்கி, நசுங்கி வந்திருக்கும். எடுத்தவரிடம் ‘டாக்குமென்ட்டாக அனுப்புங்க’ என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, வெட்டு. பெரும்பாலான பெரிய கேமராக்களின் படம் 3:2 விகிதம். நான்குக்கு ஆறில் அப்படியே உட்காரும். ஃபோன் படம் 4:3. அதே பேப்பரில் முழுக்க நிரப்பினால், ஃபோனைப் படுக்கையாகப் பிடித்து எடுத்த படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். தலைக்கு மேல் கொஞ்சம், காலடியில் கொஞ்சம் என்று மெஷின் வெட்டுவதை விட, எதை இழப்பது என்று நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். அல்லது வெட்டாமல் வெள்ளை ஓரம் விட்டுப் போடுங்கள். ஓரம் விட்ட பிரிண்ட்தான் எனக்குப் பிடிக்கும்: கையில் பிடிக்க இடம் இருக்கும், ஃப்ரேம் போடவும் வசதி. ஓரமில்லாமல் போடும்போது பிரிண்டர் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி பேப்பருக்கு வெளியேயும் கொஞ்சம் இங்க் தெளிக்கும். ஓரத்தில் சில மில்லிமீட்டர் படம் காணாமல் போகும், தெளித்த இங்க்கும் பிரிண்டருக்குள் இருக்கும் பஞ்சில்தான் போய்ச் சேரும்.

கூர்மை: திரையில் சரியாக இருப்பதை விட ஒரு பிடி கூடுதலாக வைக்கலாம். இங்க் பேப்பரில் கொஞ்சம் பரவும். மேட்டில் இன்னும் அதிகமாகப் பரவும். நிறவெளி, அதாவது ஃபைல் காட்டக்கூடிய நிறங்களின் எல்லை, வழக்கமான எஸ்ஆர்ஜிபியாகவே இருக்கட்டும். அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி பற்றி யோசிக்க நிறைய நாள் இருக்கிறது.

5. டிரைவர் செட்டிங்

டிரைவர் என்பது பிரிண்டரை இயக்கக் கணினியில் நிறுவும் மென்பொருள். கணினியிலிருந்தே பிரிண்ட் கொடுங்கள். ஃபோன் செயலிகளில் பல செட்டிங்குகள் கண்ணிலேயே படாது.

முதலில் பேப்பர் வகை. இதுதான் எவ்வளவு இங்க் விட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. போட்டோ பேப்பரை வைத்துவிட்டு ‘பிளெயின் பேப்பர்’ என்று விட்டுவிட்டால் நிறம் செத்துப்போய்த்தான் வரும். உங்கள் பேப்பரின் பெயரே பட்டியலில் இல்லாவிட்டால் அதற்கு நெருங்கிய வகையைத் தேர்ந்தெடுங்கள். தரத்தை ‘ஹை’யில் வையுங்கள். ‘ஹை ஸ்பீடு’ அல்லது ‘இருதிசை’ என்று இருந்தால் அணையுங்கள். ஹெட் ஒரு திசையில் போகும்போது மட்டும் இங்க் விடும், நேரம் கூடும், நுணுக்கமும் கூடும்.

பிறகு நிறம். இங்கே இரண்டு பாதைகள். ஒன்று, நிறத்தை பிரிண்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது. தொடக்கத்துக்கு இதுவே போதும். இன்னொன்று, பேப்பருக்கான ஐசிசி புரொஃபைலை (அந்த பிரிண்டரும் பேப்பரும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஃபைல்) கொடுத்து, லைட்ரூம் கிளாசிக், ஃபோட்டோஷாப், டார்க்டேபிள் போன்ற மென்பொருளிடம் நிறத்தை ஒப்படைப்பது. இந்தப் பாதையில் போனால் பிரிண்டர் டிரைவரில் நிறத் திருத்தத்தைக் கட்டாயம் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் ஒரே திருத்தம் இரண்டு முறை நடக்கும். எல்லார் முகமும் மெஜன்டா பூசிக்கொண்டு வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

எந்தப் பாதையில் போனாலும் ‘ஃபோட்டோ என்ஹான்ஸ்’, ‘ஆட்டோ கரெக்ட்’ என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். லேப் மெஷின் செய்கிற அதே முக வெளுப்பு வேலை வீட்டுக்குள் நுழையும் வாசல் அது.

6. முதல் பிரிண்டும் இரண்டாவது பிரிண்டும்

நேராக ஏ4-இல் போடாதீர்கள். அதே வகை நான்குக்கு ஆறு பேப்பரில் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் எவ்வளவு என்று சந்தேகம் இருந்தால், முகம் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி, இருக்கிறபடி ஒன்று, கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டி ஒன்று, அரை ஸ்டாப் கூட்டி ஒன்று என்று மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குங்கள். டார்க்ரூம் காலத்து டெஸ்ட் ஸ்ட்ரிப் முறைதான் இது. இன்றும் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

பிரிண்ட் வெளியே வந்ததும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சாய இங்க் காயும்போது நிறம் சற்று நகரும். ஒரு காபி குடித்துவிட்டு வந்து, ஜன்னல் ஓரமாக, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் எங்கே மாட்டப்போகிறீர்களோ அங்கே, அந்த விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் எல்இடிக்குக் கீழே நடுநிலை நிறத்தை எதிர்பார்க்க முடியாது; படம் அங்கேதான் தொங்கும் என்றால் அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் திருத்துவதில் தப்பே இல்லை.

ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். என் பெரியம்மா புழக்கடையில் உட்கார்ந்து மொச்சை உரிக்கும் படம். பின்னால் சமையலறைக் கதவு திறந்து இருட்டாக இருக்கிறது. மடியில் முறம். பக்கத்தில் நீல பிளாஸ்டிக் வாளி. திரையில் பார்த்தவரை எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. முதல் பிரிண்டைக் கையில் எடுத்ததும் கண் நேராக வாளிக்குப் போனது. அப்புறம்தான் முகத்துக்கு வந்தது. முகமும் கதவு இருட்டும் கிட்டத்தட்ட ஒரே கருமையில் ஒட்டிக்கொண்டிருந்தன. காதுத் தோட்டின் மினுமினுப்பு மட்டும்தான் முகம் எங்கே முடிகிறது என்று காட்டியது.

இந்த மாதிரி இடத்தில் மொத்தப் படத்தின் வெளிச்சத்தையும் ஏற்றுவதுதான் லேப் செய்கிற வேலை. முகம் தெரியும், ஆனால் பெரியம்மா நிறம் மாறி வேறு யாரோ ஆகிவிடுவார். செய்ய வேண்டியது வேறு. கதவு இருட்டை அப்படியே விட்டு, முகத்தின் நடுத்தர நிழல்களை மட்டும் கர்வில் (வெளிச்சத்தையும் நிழலையும் தனித்தனியாகத் திருத்தும் வளைகோடு) ஒரு துளி உயர்த்தினேன். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் வெளிச்சத்தை அதற்கேற்பச் சற்றுக் கூட்டினேன். கருத்த தோல் பிரிண்டில் உயிரோடு தெரிவது இந்த வெளிச்சப் புள்ளிகளால்தான். தோலை வெளுப்பாக்கினால் முதலில் செத்துப்போவதும் இவைதான். வாளியின் நீலத்தில் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியைக் குறைத்து, கொஞ்சம் இருட்டாக்கினேன். முகம், வாளி என்று இரண்டு இடத்தில்தான் மாற்றம். இரண்டாவது பிரிண்டில் கண் முகத்தில் தொடங்கி, கை வழியாக முறத்துக்கு இறங்குகிறது. பெரியம்மா அதே நிறத்தில்தான் இருக்கிறார், கதவிலிருந்து பிரிந்து முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது நல்லது, மிஞ்சினால் இரண்டு. என்ன மாற்றினீர்கள் என்பதைச் சோதனை பிரிண்டின் பின்னால் எழுதி வையுங்கள். பீரோ கதவிலோ ஃபிரிட்ஜிலோ காந்தம் வைத்து இரண்டு நாள் ஒட்டி வைப்பது இன்னொரு நல்ல பழக்கம். போகிற போக்கில் பார்க்கும்போதுதான் சாய்ந்திருக்கும் அடிவானம், தலைக்குப் பின்னால் முளைத்த கரண்ட் கம்பம் எல்லாம் தெரியவரும். வீட்டில் இருப்பவர்கள் கேட்காமலே கருத்துச் சொல்வார்கள். அதில் பாதி உபயோகமானது.

சில அடையாளங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் நேரம் மிச்சம். படம் முழுக்க ஒரே மாதிரி இருட்டு என்றால் திரை வெளிச்சம். முகம் மட்டும் இருட்டு என்றால் படத்தின் குறை. ஒழுங்கான இடைவெளியில் மெல்லிய கோடுகள் குறுக்கே ஓடினால் நாசில் (ஹெட்டில் இங்க் வெளிவரும் நுண்துளை) அடைப்பு; அதைச் சோதிக்கும் நாசில் செக் பிரிண்ட் எடுங்கள். நிறம் திட்டுத்திட்டாகத் தேங்கி நின்றால் பேப்பரைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள், அல்லது பேப்பர் வகை தவறு.

கருப்பு வெள்ளைக்கு ஒரு வார்த்தை. கலர் இங்க்குகளைக் கலந்துதான் பிரிண்டர் சாம்பல் நிறத்தை உண்டாக்குகிறது என்றால், அந்தச் சாம்பல் ஒரு வெளிச்சத்தில் பச்சையாகவும் இன்னொன்றில் மெஜன்டாவாகவும் சாயும். அதோடு மல்லுக்கட்டுவதை விட, படத்துக்கே லேசான பழுப்புச் சாயல் கொடுத்துவிடுங்கள். சாய்வு அதில் அமுங்கிவிடும், படமும் நன்றாக இருக்கும்.

7. காயவைத்து, மாட்டி, பத்திரப்படுத்துவது

தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். ரெசின் பேப்பரில் இங்க்கின் கரைப்பான்கள் மெதுவாகத்தான் வெளியேறும். அவசரப்பட்டு ஃப்ரேம் போட்டால் கண்ணாடியின் உட்பக்கம் புகை படிந்தது போல மங்கும். அடுக்க வேண்டுமென்றால் நடுவில் சாதாரண வெள்ளைத்தாள் வைத்து அடுக்குங்கள்.

பழைய வீடுகளில் தாத்தா பாட்டி படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் உரிந்துவரும் நிலையில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரக்காற்று செய்த வேலை அது. (அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் பிரிக்காமல், கண்ணாடி மேலேயே ஸ்கேன் செய்யுங்கள்.) புது பிரிண்டுக்கு அந்தக் கதி வராமலிருக்க, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் போர்டு (படம் தெரிய நடுவில் வெட்டிய கெட்டி அட்டை) வைக்கச் சொல்லுங்கள். ஃப்ரேம் கடையில் சிலர் ‘எதுக்கு சார், லேமினேஷன் போட்டுடலாம், துடைச்சுக்கலாம்’ என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடேற்றி ஒட்டியதைப் பிறகு பிரிக்க வழியே இல்லை. சாய இங்க் பிரிண்டுக்குக் கண்ணாடி அவசியம், ஏனென்றால் காற்றைத் தடுப்பதே பாதி ஆயுள். வெயில் விழும் சுவர் வேண்டாம், சமையலறை வேண்டாம்.

ஆல்பம் என்றால், ஒட்டும் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை மூடும் பழைய வகை கூடவே கூடாது. அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும். பிவிசி கவர்களையும் தவிர்த்து, பாலிபுரோப்பிலீன் பை வைத்த ஆல்பமாகப் பார்த்து வாங்குங்கள். பின்பக்கம் யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதுங்கள். ரெசின் பேப்பரில் பென்சில் பிடிக்காது, பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும்; பிக்மென்ட் இங்க் உள்ள மெல்லிய முனை பேனா சரியாக இருக்கும்.

8. பிரிண்டரைப் பார்த்துக்கொள்வது

இங்க்ஜெட்டின் எதிரி சும்மா இருப்பது. வாரத்துக்கு ஒரு தடவையாவது எல்லா நிறமும் உள்ள ஒரு படம் போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்தித்தான் அணைக்க வேண்டும். சுவர் சுவிட்சை அணைக்கக் கூடாது. பட்டனை அழுத்தும்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடியில் உட்காரும். நடுவழியில் மின்சாரம் போனால் ஹெட் திறந்தபடி நிற்கும், நம் வெயிலில் இங்க் சீக்கிரம் காய்ந்துவிடும். மின்வெட்டு அதிகமுள்ள ஊர் என்றால், மின்சாரம் வந்ததும் ஒரு தடவை ஆன் செய்து முறையாக அணைத்துவிடுங்கள்.

அடைப்பு வந்தால் உடனே ஹெட் கிளீனிங் மேல் கிளீனிங் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல இங்க்கை இழுத்துக் கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது. ஒன்றிரண்டு முறை செய்து, நாசில் செக் பாருங்கள். சரியாகவில்லை என்றால் ராத்திரி முழுக்க அப்படியே விட்டுக் காலையில் மறுபடி பாருங்கள், ஊறிய அடைப்பு பல நேரம் தானே விடும். அந்தக் கழிவுப் பஞ்சு நிறைந்தால் பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்யும். சில மாடல்களில் மெயின்டனன்ஸ் பாக்ஸாக நாமே மாற்றலாம், சிலவற்றில் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இங்க்கைப் பொறுத்தவரை கம்பெனி பாட்டிலையே வாங்குங்கள். பாதி விலை இங்க் டாக்குமென்ட்டுக்குப் போதும். போட்டோவில் பாட்டிலுக்குப் பாட்டில் நிறம் மாறினால், பின்பக்கம் எழுதிவைத்த குறிப்புகள் எதற்கும் உதவாமல் போய்விடும்.